ஹிக்கி மேடையை விட்டு இறங்கிய இரவு: நடிகர் இயன் ஹோம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1976. லண்டனில் ஆல்ட்விச் அரங்கம். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தை மேடையேற்ற ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி தயாராகிக்கொண்டிருந்தது. முறையான தொடக்க நாளுக்கு முன்பு, சீட்டு வாங்கி வரும் பார்வையாளர்களை வைத்தே சில முன்னோட்டக் காட்சிகள் நடத்துவது அங்கே வழக்கம். அப்படி ஒரு காட்சியின் நடுவே, ஹிக்கி என்ற முக்கியப் பாத்திரத்தில் நடித்துக்கொண்டிருந்தவருக்கு மேலே போக முடியவில்லை. மேடையை விட்டு இறங்கிப் போனார். தேடிப் போனவர்கள், ஒப்பனை அறையில் அவர் கருவிலிருக்கும் குழந்தையைப் போலக் கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடப்பதைக் கண்டார்கள்.

அவர் பெயர் இயன் ஹோம். அப்போது வயது 44. வசனம் மறந்து தடுமாறும் புதுமுகம் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இதே மேடையில், இதே நிறுவனத்துக்காக, நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னியாக நடித்துப் பெயர் வாங்கியவர். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் ஏரியலாகவும் அந்த நிறுவனத்தைத் தாங்கிய தூண்களில் ஒருவர். அன்றைக்கு இறங்கியவர், நடுவில் 1979-இல் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் செக்காவின் 'அங்கிள் வான்யா'வில் நடித்ததைத் தவிர, 1993 வரை நாடக மேடைப் பக்கம் வரவில்லை. பதினேழு ஆண்டுகள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரவை ஒரு வரியில் சொல்லிவிட்டு, சினிமாப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 'மேடை பயம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிற விஷயம் இல்லை இது. எந்தப் பாத்திரத்தில் உடைந்தார், அந்தப் பாத்திரம் நடிகரிடம் என்ன கேட்கிறது, எந்தப் பாத்திரங்கள் வழியாகத் திரும்பி வந்தார் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முன்கதை

1931 செப்டம்பர் 12 அன்று, அப்போது எஸ்ஸெக்ஸில் இருந்த குட்மேஸில் பிறந்தார். முழுப்பெயர் இயன் ஹோம் கத்பர்ட். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அம்மா செவிலியர். அப்பா மனநல மருத்துவர். அங்கிருந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். மின் அதிர்ச்சிச் சிகிச்சையை பிரிட்டனில் தொடக்க காலத்திலேயே கையாண்டவர்களில் ஒருவர். 1994-இல் வந்த 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்தில், சித்தம் கலங்கிய அரசரை நாற்காலியில் கட்டிவைத்துக் குணப்படுத்த முனையும் டாக்டர் வில்லிஸாக ஹோம் நடித்திருப்பார். அரசரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, அசையாமல் நிற்கும் அந்தப் பார்வையை வீட்டிலிருந்து எடுத்து வந்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

பெற்றோர் பிறகு கடலோர ஊரான வொர்திங்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் போன இடத்தில் கிடைத்த அறிமுகம், ஹென்றி பெய்ன்டன் என்ற ஷேக்ஸ்பியர் நடிகரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெய்ன்டன் சொல்லிக்கொடுத்ததில் 1950-இல் ராடா நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டாய ராணுவச் சேவைக்காக ஆஸ்திரியா போய் வந்தது, 1952-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் என்று படிப்பு இரண்டு முறை தடைப்பட்டது. 1954-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'ஒதெல்லோ'வில் ஈட்டி பிடித்து நிற்கும் வேடம். வசனமே இல்லை.

அங்கிருந்து படிப்படியாகத்தான் ஏறினார். 1959-இல் சார்ல்ஸ் லாட்டன் லியர் அரசராக நடித்தபோது, அவருடைய விதூஷகனாக நின்றது ஹோம். இயக்குநர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கியபோது நீண்டகால ஒப்பந்தத்தில் சேர்ந்த நடிகர்களில் அவரும் ஒருவர். உயரம் ஐந்தரை அடிதான். நாயகன் என்றால் உயரமும் கம்பீரக் குரலும் வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. 1963-64-இல் 'தி வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' என்ற ஷேக்ஸ்பியர் நாடகத் தொடரில் அவர் செய்த ரிச்சர்டு, மேடையை அதிரவைக்கும் அரக்கனாக இல்லை. குறும்புக்காரச் சிறுவனைப் போலச் சிரித்துக்கொண்டே கொலை செய்தான். அடுத்து ஐந்தாம் ஹென்றி. 1944-இல் லாரன்ஸ் ஒலிவியே எடுத்த படத்தின் பளபளக்கும் அரசர் எல்லார் மனதிலும் பதிந்திருந்த நேரம். ஹோமின் ஹென்றி களைத்துப்போன படைவீரனாக, தன் ஆட்களில் ஒருவனாக நின்றார். 1965-இல் ஈவினிங் ஸ்டாண்டர்ட் சிறந்த நடிகர் விருது அதற்குத்தான்.

அதே 1965 ஜூனில் 'தி ஹோம்கமிங்'. வடக்கு லண்டனில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற கசாப்புக்காரர் மேக்ஸ், அவருடைய தம்பி, மகன்கள். நடு மகன் லென்னி. அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் அண்ணன், மனைவி ரூத்துடன் நள்ளிரவில் வந்திறங்குகிறான். லென்னியும் ரூத்தும் முதன்முதலாகத் தனியே பேசும் காட்சியில் இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு தம்ளர் தண்ணீர். அந்தத் தம்ளரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவன் கேட்பதில் தொடங்கி, யார் யாரை அடக்குகிறார்கள் என்பது வரை எல்லாமே அதற்குள் நடந்து முடிந்துவிடும். லென்னி நீண்ட கதைகளைச் சொல்லுவான், வன்முறையான கதைகள், குரல் மட்டும் வானிலையைப் பற்றிப் பேசுகிற குரல். பீட்டர் ஹால் 1973-இல் இதைப் படமாக்கியதால் நாமும் பார்க்க முடிகிறது. நியூயார்க்கில் நடந்தபோது 1967-இல் டோனி விருது கிடைத்தது. தான் எழுதியது ஹோமுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்புப் போலப் பொருந்திவிடுகிறது என்ற பொருளில் பின்டர் சொன்னது பிறகு பல இடங்களில் எடுத்தாளப்பட்டது.

1967-இல் நிறுவனத்தை விட்டு வெளியே வந்தார். சினிமா தொடங்கியது. 'தி போஃபர்ஸ் கன்' படத்துக்கு பிரிட்டிஷ் திரைப்பட அமைப்பான பாஃப்டாவின் சிறந்த துணை நடிகர் விருது. நடுவே மேடையிலும் கடற்படைத் தளபதி நெல்சனாக, இன்னும் சில பாத்திரங்களாக நடித்துக்கொண்டுதான் இருந்தார். 1976-இல் பழைய வீட்டுக்குத் திரும்பினார், ஹிக்கியாக.

ஹிக்கி நடிகரிடம் கேட்பது என்ன

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

'தி ஐஸ்மேன் கமெத்' நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகம். 1912-இல் நியூயார்க்கில் ஒரு மலிவான மதுக்கடை. குடியில் மூழ்கிய ஒரு கூட்டம் அங்கே படுத்துக் கிடக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போவேன், நாளைக்கு வெளியே நடப்பேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகல்கனவு. ஆண்டுக்கு இரண்டு முறை ஹிக்கி என்ற விற்பனையாளன் வருவான், எல்லாருக்கும் குடி வாங்கிக் கொடுப்பான், சிரிக்க வைப்பான். அவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஹிக்கி முதல் அங்கத்தின் கடைசியில்தான் மேடைக்கு வருகிறான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மற்ற எல்லாரும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அந்த நடிகர் ஒப்பனை போட்டு, உடை மாட்டி, உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் தன் பாத்திரத்தின் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழும். எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகும். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய், அந்த எதிர்பார்ப்பு முழுவதையும் ஒரே மூச்சில் நிறைவேற்ற வேண்டும். அது முடிந்தால், கடைசி அங்கத்தில் அமெரிக்க நாடகத்திலேயே மிக நீளமான தனிப்பேச்சுகளில் ஒன்று: தன் மனைவியைக் கொன்றதை ஹிக்கி ஒப்புக்கொள்ளும் பேச்சு. மேடையிலிருக்கும் மற்றவர்களோ கேட்க விருப்பமில்லாமல், குறுக்கே முனகிக்கொண்டு, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மறந்துபோனால் கைகொடுக்க எதிரில் ஆள் இல்லை.

லென்னி இதற்கு நேர்மாறு. 'தி ஹோம்கமிங்'கில் விளக்கு எரியும்போதே லென்னி சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பான். யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அப்பா உள்ளே வந்து கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பார். அவன் பதில்கூடச் சொல்லமாட்டான். நடிப்பு தொடங்குவதற்கு முன்பே நடிகர் அந்த இடத்தில் குடியிருக்கிறார்.

மேடை பயம் வேலை செய்யும் விதமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நன்றாகப் பாடமான வசனம் தானாக வரும். அடுத்த சொல் எது என்று நடிகர் தேடுவதில்லை. எப்போது அவர் தன்னையே வெளியிலிருந்து கவனிக்க ஆரம்பிக்கிறாரோ, 'அடுத்த வரி வருமா' என்று ஒரு கணம் யோசிக்கிறாரோ, அந்தக் கணத்தில் அந்தத் தானியங்கி ஓட்டம் அறுந்துவிடுகிறது. இதயம் படபடக்கும், வாய் உலரும், அதைக் கவனிப்பதால் இன்னும் அறுபடும். அனுபவம் இதற்கு மருந்து இல்லை. லாரன்ஸ் ஒலிவியே 1960-களில், தன் புகழின் உச்சியில், இதே பயத்தில் தவித்தார். 'ஒதெல்லோ'வில் தான் மேடையில் தனியாக இருக்கும் நேரங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைத் தன் கண்ணில் படும்படி மேடை ஓரத்திலேயே நிற்கச் சொன்னார். இன்னொரு பிரிட்டிஷ் நடிகர் டெரெக் ஜேக்கபி 'ஹாம்லெட்' சுற்றுப்பயணத்தில், உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தப் பேச்சின் நடுவே தடுமாறி, இரண்டு ஆண்டுகள் மேடை ஏறாமல் இருந்தார். ஹோமுக்கு நடந்தது அரிதானது இல்லை. அது நீடித்த காலம்தான் அரிது.

ஆல்ட்விச் ஏறக்குறைய 1,200 பேர் உட்காரும் அரங்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோமின் பலமே சின்ன அசைவும் தாழ்ந்த குரலும். ஹிக்கியோ கூட்டத்தைக் கட்டியிழுக்கும் விற்பனையாளன், சத்தமானவன். நீண்ட காத்திருப்பு, பெரிய கூடம், ஆளில்லாத தனிப்பேச்சு, தன் இயல்புக்கு எதிரான பாத்திரம். நான்கும் ஒரே இரவில் சேர்ந்தன.

மாற்று நடிகர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். நாடகம் நடந்தது.

கேமராவுக்கு முன்னால்

அதற்குப் பிறகு வந்த வேலைகளைப் பார்த்தால், உடைந்துபோன ஓர் ஆளின் வேலைகளாகத் தெரியாது. 1978-இல் பிபிசியின் 'தி லாஸ்ட் பாய்ஸ்' தொடரில் 'பீட்டர் பான்' எழுதிய ஜே.எம். பாரியாக நடித்தார். பிள்ளைகள் மீது அன்பு கொண்ட, அந்த அன்பாலேயே அவர்களை இறுக்கிவிடுகிற, வளராத மனிதர். அவர் செய்தவற்றில் இதைத்தான் நான் மிக உயரத்தில் வைப்பேன்.

பிறகு 'ஏலியன்'. 1978-இல் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு, 1979-இல் வெளியீடு. விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஆஷ். நோய்த்தடுப்பு விதியை மீறி, முகத்தில் வேற்றுலக உயிர் ஒன்று ஒட்டிக்கொண்டவனை உள்ளே விடக் கதவைத் திறப்பவன். அவன் மனிதன் இல்லை, இயந்திரம் என்பது கதையின் பிற்பகுதியில்தான் தெரியும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஹோம் எவ்வளவு முன்பிருந்தே அதை நடித்திருக்கிறார் என்று புரியும். மற்றவர்கள் பதறும்போது அவர் கண்கள் நோயாளியின் மீது இருக்காது, அந்த உயிரின் மீது இருக்கும். பரிவு காட்டும் சொற்கள் சரியாக வரும். அரை நொடி தள்ளி வரும். கடைசியில் துண்டான தலையாக, முகமெல்லாம் பாலும் வெள்ளைக் குழம்பும் வழிய, அந்த உயிரின் தூய்மையை வியந்து பேசும் காட்சி. உடம்பு கிடையாது, கை கிடையாது. முகமும் குரலும் மட்டும் வைத்துக்கொண்டு, பிழைக்க வழியில்லாதவர்களுக்கு அனுதாபம் தெரிவித்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார். சிறு வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது அந்த ஜந்துவைவிட இந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் இறந்த பிறகு, 2024-இல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தில் குடும்பத்தின் சம்மதத்தோடு அவர் முகத்தைத் தொழில்நுட்பத்தால் திரும்பக் கொண்டுவந்தார்கள். சம்மதம் இருந்ததால் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்க மனம் வலித்தது. அந்த அரை நொடித் தாமதம் அவர் முகத்தில் இருக்கவில்லை, அவர் எடுத்த முடிவில் இருந்தது. முகத்தை மட்டும் கொண்டுவந்தால் அது வராது.

1981-இல் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஹரால்ட் ஏப்ரஹாம்ஸ் தங்கம் வென்ற கதை. அவருடைய பயிற்சியாளர் சாம் முசபினியாக ஹோம். முசபினி காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பவர், அதனால் காசுக்காக விளையாடாத வீரர்களுக்கான அந்த உலகத்தில் தீண்டத்தகாதவர் போல ஒதுக்கப்பட்டவர். தான் உருவாக்கிய ஓட்டக்காரன் ஓடும்போது மைதானத்துக்குள் அவர் இல்லை. பக்கத்திலிருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. ஜன்னல் வழியே தூரத்தில் பிரிட்டிஷ் கொடி ஏறுவது தெரிகிறது, தேசிய கீதம் காற்றில் வருகிறது. எழுந்து நிற்கிறார். கட்டிலில் உட்காருகிறார். வைக்கோல் தொப்பியைக் கையில் எடுத்து, அதன் நடுவே ஒரு குத்து. தொப்பி கிழிகிறது. 'மகனே' என்கிறார்.

அறையில் அவர் ஒருவர்தான். எதிரில் நடிகர் இல்லை, பார்வையாளர் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு 1,200 பேர் முன்னால் மூடிக்கொண்ட மனிதர், இங்கே தனியறையில் ஒரு தொப்பியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார். கான் விழாவில் துணை நடிகருக்கான பரிசு, பாஃப்டா விருது, அவருடைய ஒரே ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் இந்தப் படத்துக்குத்தான்.

அதே ஆண்டு பிபிசி வானொலி 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை 26 பகுதிகளாக ஒலிபரப்பியது. அதில் கதைநாயகன் ஃப்ரோடோவின் குரல் ஹோம். வானொலியில் பிரதி கையிலேயே இருக்கும், மனப்பாடம் தேவையில்லை. மேடை ஏறாத அந்த ஆண்டுகளில் இப்படிக் குரலுக்கு ஒரு வீடு இருந்தது.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். நெப்போலியனாக வெவ்வேறு காலங்களில் மூன்று முறை. 'கிரேஸ்டோக்', 'பிரேஸில்', 'டான்ஸ் வித் எ ஸ்ட்ரேஞ்சர்'. 'ட்ரீம்சைல்ட்' படத்தில் லூயிஸ் கேரல். 1989-இல் கென்னத் பிரானா 'ஹென்றி V' எடுத்தபோது, ஒரு காலத்தில் மேடையில் அந்த அரசராக இருந்தவர் இப்போது வேல்ஸ் நாட்டுப் படைத்தலைவன் ஃப்ளூவெலனாக வந்து, அரசரின் தோளில் சாய்ந்து அழுதார். அடுத்த ஆண்டு மெல் கிப்சனின் ஹாம்லெட்டுக்கு பொலோனியஸ். ஷேக்ஸ்பியரை விடவில்லை, மேடையைத்தான் விட்டிருந்தார்.

படுக்கையிலிருந்து திரும்பியவர்

1993 செப்டம்பரில் பின்டரின் புதிய முழுநீள நாடகம் 'மூன்லைட்' லண்டன் ஆல்மைடா அரங்கில் தொடங்கியது. ஆல்மைடாவில் 325 பேர்தான் உட்கார முடியும். ஆண்டி என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் சாகக் கிடக்கிறார். பக்கத்தில் மனைவி பெல், அவராக நடித்தது ஆன்னா மாஸி. மகன்கள் இருவரும் பார்க்க வர மறுக்கிறார்கள். ஆண்டியாக ஹோம்.

இந்த நாடகத்தில் அவர் படுத்திருக்கிறார். மேடைக்குள் நடந்து வர வேண்டிய கதவு இல்லை. எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு நடுவில் நுழைய வேண்டியதில்லை. கூடவே மனைவி உட்கார்ந்திருக்கிறாள், பூத்தையல் வேலை செய்துகொண்டு, பதில் சொல்லிக்கொண்டு. எழுதியவர், அவர் வாய்க்கு எந்த வசனம் பொருந்தும் என்று முப்பது ஆண்டுகளாகத் தெரிந்தவர். ஹிக்கி கேட்ட நான்கையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டால் வருவது ஆண்டி. அந்தப் படுக்கையிலிருந்து ஹோம் கத்தினார், கெஞ்சினார், கெட்ட வார்த்தை பேசினார், மரணத்தைத் திட்டினார். ஈவினிங் ஸ்டாண்டர்ட் விருது இரண்டாவது முறையாக வந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1997-இல், லியர் அரசர். நேஷனல் தியேட்டரின் இயக்குநர் பதவியிலிருந்து விலகவிருந்த ரிச்சர்ட் ஐயர் இயக்கினார். நேஷனலின் பெரிய கூடம் 1,100 பேருக்கு மேல் கொள்ளும். ஐயர் அங்கே போகவில்லை. அதே கட்டடத்தின் மிகச் சிறிய அரங்கமான காட்டஸ்லோவை எடுத்துக்கொண்டார். பார்வையாளர்கள் கைநீட்டினால் தொட்டுவிடும் தூரம். லியர் முதல் காட்சியிலேயே சில நிமிடங்களில் உள்ளே வந்துவிடும் பாத்திரம் என்பதும் இங்கே முக்கியம். 38 ஆண்டுகளுக்கு முன்பு லாட்டனின் விதூஷகனாகப் பக்கத்தில் நின்று பார்த்த அரசர் இப்போது அவரே. புயல் காட்சியில் உடைகளை முழுவதுமாகக் களைந்து, 65 வயது உடம்போடு, சின்ன ஆளாக நின்றார். கூட்டம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அப்படி நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்! பிபிசிக்காகப் படமாக்கிய வடிவத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், ஒப்பனை அறையில் சுருண்டு கிடந்த அந்த மனிதர் எனக்கு நினைவுக்கு வருகிறார். ஒளிந்துகொள்ள ஒரு துணியும் இல்லாமல் நின்றது அதே ஆள்தான். 1998-இல் ஒலிவியே விருது கிடைத்தது, அதே ஆண்டு சர் பட்டமும்.

லியர் மேடையேறிய அதே 1997-இல் இன்னொன்றும் வந்தது, இந்த ஆய்வுக்கு அது இன்னும் நெருக்கமானது. ஆட்டம் எகோயன் இயக்கிய கனடா படம் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. பள்ளிப் பேருந்து பனியில் சறுக்கிக் குழந்தைகள் செத்துப்போன ஒரு சிற்றூருக்கு, வழக்குப் போடலாம் என்று வரும் வழக்கறிஞர் மிட்செல் ஸ்டீவன்ஸாக ஹோம். அவருடைய சொந்த மகள் போதைக்கு அடிமையாகி எங்கோ அலைகிறாள். விமானத்தில் பக்கத்து இருக்கையில், மகளின் பழைய தோழி. அவளிடம் ஒரு கதை சொல்கிறார்: மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது சிலந்தி கடித்து உடம்பு வீங்கிவிட்டது; மருத்துவமனை தூரம்; வழியில் மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போடத் தயாராக, மடியில் குழந்தையும் கையில் கத்தியுமாக உட்கார்ந்திருந்தேன்.

நீண்ட தனிப்பேச்சு. எதிரில் இருப்பவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள். அவர் குரல் ஒரு முறைகூட உயரவில்லை. ஹிக்கி மனைவியைக் கொன்ற கதையைச் சொல்ல முடியாமல் போனவர், மகளின் கழுத்தில் கத்தி வைக்கத் தயாராக இருந்த கதையை க்ளோஸ்-அப்பில் சொல்லி முடிக்கிறார். கனடாவின் ஜீனி விருது சிறந்த நடிகருக்காகக் கிடைத்தது. இத்தனை ஆண்டுத் திரை வாழ்க்கையில் கதையின் மையத்தில் அவரை நிறுத்திய படங்கள் மிகக் குறைவு. அறுபதைக் கடந்த பிறகு கிடைத்த இது அவற்றில் தலையானது.

கத்தரிக்கோலைத் தேடும் அப்பா

2001-இல் டப்ளின் கேட் தியேட்டர் 'தி ஹோம்கமிங்'கை மறுபடி மேடையேற்றியது. அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. இந்த முறை ஹோம் லென்னி இல்லை, அப்பா மேக்ஸ். சோபாவில் வேறொரு இளைஞர் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். உள்ளே வந்து கத்தரிக்கோல் எங்கே என்று கத்துவது ஹோம். 36 ஆண்டுகளுக்கு முன்பு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர், இப்போது பதில் கிடைக்காமல் நிற்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' திரைப்படத்தில் பில்போ பேகின்ஸாக உலகம் முழுவதும் அவரைப் பார்த்தது. வானொலியில் ஃப்ரோடோவாக இருந்தவர் இப்போது ஃப்ரோடோவை வளர்த்த பெரியவர். நியூசிலாந்தில் அவரோடு வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம்: ஒவ்வொரு டேக்கிலும் ஹோம் வேறு மாதிரி நடிப்பார். ஒன்றில் கோபம், அடுத்ததில் கெஞ்சல், அடுத்ததில் ஒன்றுமே இல்லாத மௌனம். எது வேண்டுமோ எடிட்டிங் மேஜையில் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் அறுந்துபோனது ஒரே ஓட்டமாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் என்றால், கேமரா அவருக்குக் கொடுத்தது திரும்ப முயலும் உரிமை. அவர் அதைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்தவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போவதற்குப் பயன்படுத்தினார். கதையில் வரும் ரிவெண்டெல் என்ற இடத்தில், ஆட்டிப்படைக்கும் அந்த மந்திர மோதிரத்தைக் கண்டதும் பாசமான கிழவர் ஒரு கணம் பாய்ந்து, உடனே தன் செயலைக் கண்டு தானே உடைந்து அழும் அந்தச் சில நொடிகள் அப்படிக் கிடைத்தவைதான்.

அதே கதையின் முன்கதையான 'தி ஹாபிட்' படங்களுக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மறுபடி கேட்டபோது ஹோமுக்கு பார்க்கின்சன் நோய். வசனம் நினைவில் நிற்கவில்லை, நீண்ட விமானப் பயணம் முடியாது, நடிப்பிலிருந்து விலகிவிட்டதாகச் சொன்னார். இந்த முறை பயம் இல்லை, நோய். சொற்கள் உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தன. ஜாக்சன் படப்பிடிப்பை லண்டனுக்குக் கொண்டுவந்தார். மிகச் சிலர் மட்டும் உள்ள குழு. மனைவி சோஃபி கூடவே இருந்து வசனத்துக்கு உதவினார். ஒரு வரி, இரண்டு வரி என்று சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்தார்கள். மறுபடியும் சின்ன அறை, பக்கத்தில் தெரிந்த முகங்கள். அதில் நடித்துக் கொடுத்தார். ஹோம் 2020 ஜூன் 19 அன்று லண்டனில் இறந்தபோது, 88 வயதில், இந்தக் கதையை ஜாக்சன்தான் சொன்னார்.

அந்த வரிசையின் மூன்றாவது படம் 2014-இல் வந்தது. கடைசிக் காட்சியில் கிழட்டு பில்போ தன் வீட்டில் தனியாக நிற்கிறார், உள்ளங்கையில் மோதிரம். கதவு தட்டப்படுகிறது. யாரும் வேண்டாம், விருந்தாளி வேண்டாம், தூரத்துச் சொந்தமும் வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சத்தம் போடுகிறார். மிகப் பழைய நண்பர்கள் வந்தால் என்ன செய்வாய் என்று வெளியிலிருந்து ஒரு குரல். அவர் திரும்புகிறார். முகம் மெல்ல விரிகிறது. "காண்டால்ஃப்?" என்கிறார்.